கடைசியாகத் திருத்தியது எப்போது? வேர்ட்பிரஸில் அந்த நேரத்தை எடுக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

காலை 10 மணிக்கு ஒரு சமையல் குறிப்பில் உப்பின் அளவைத் திருத்தினேன். சேமித்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தால், தலைப்புக்குக் கீழே "5 மணிநேரம் முன்பு திருத்தப்பட்டது" என்று இருந்தது. சரி, கேஷ் ஏதோ பழசைக் காட்டுகிறது என்று விட்டுவிட்டேன். 12:15-க்குப் பார்த்தால் "3 மணிநேரம் முன்பு". மாலை 3:20-க்கு "10 நிமிடங்கள் முன்பு". தளத்தை நடத்தும் தம்பி போனில் கேட்டான்: "அண்ணே, நம்ம சைட்ல கடிகாரம் ரிவர்ஸ்ல ஓடுதா?"

ஓடத்தான் செய்தது. வேர்ட்பிரஸ் தீமில் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோடில்) அந்த வரியை எழுதியவன் நான்தான். இரண்டு ஃபங்ஷன்களை ஒன்றாகக் கோத்திருந்தேன். ஒன்று இந்திய நேரத்தில் எண்ணியது, மற்றொன்று யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், எண்ணியது. இரண்டுக்கும் இடையே 19,800 நொடி, அதாவது ஐந்தரை மணி நேரம். கழித்தால் வருவது எதிர்காலம். ஆனால் 'ஹியூமன் டைம் டிஃப்' என்கிற ஃபங்ஷன் வித்தியாசத்தின் அளவை மட்டும்தான் பார்க்கும். முன்னா பின்னா என்று பார்க்காது. அதனால் எதிர்காலத்தையும் "முன்பு" என்று காட்டிக்கொண்டு, ஐந்தரை மணி நேரம் இறங்குமுகமாக எண்ணிவிட்டு, 3:30-க்குப் பூஜ்யத்தைத் தொட்டு, அப்புறம் ஏற ஆரம்பித்தது. ஏறிய பிறகும் சரியில்லை: என்றைக்குப் பார்த்தாலும் உண்மையைவிட ஐந்தரை மணி நேரம் குறைவாகவே சொல்லும். நாள் கணக்கில் போய்விட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அதனால்தான் இந்தப் பிழை பல தளங்களில் வருஷக்கணக்கில் குடியிருக்கிறது.

அன்றைக்கு உட்கார்ந்து, ஒரு பதிவைக் கடைசியாகத் திருத்திய நேரத்தை வேர்ட்பிரஸில் எத்தனை வழிகளில் எடுக்கலாம், எது எதற்குப் பொருந்தும் என்று பார்த்தேன். அதைத்தான் இங்கே வைக்கிறேன். ஃபங்ஷன் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோடில் ஆங்கில எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

டேட்டாபேஸில் என்ன இருக்கிறது

பதிவுகள் இருக்கும் டேபிளில் நேரத்துக்கென்று நான்கு நெடுவரிசைகள் உண்டு. வெளியிட்ட நேரம் இரண்டு, திருத்திய நேரம் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று தளத்தின் உள்ளூர் நேரம், மற்றொன்று ஜிஎம்டி (இங்கே யூடிசியும் இதுவும் ஒன்றுதான்). 'போஸ்ட் மாடிஃபைடு' உள்ளூர். 'போஸ்ட் மாடிஃபைடு ஜிஎம்டி' பொது நேரம்.

உள்ளூர் நெடுவரிசையில் இருப்பது வெறும் "2024-03-05 02:00:00" மாதிரியான எழுத்துத்தான். எந்த ஊர் 2 மணி என்று அதில் எழுதியிருக்காது. திருத்திய அன்றைக்குத் தளத்தின் செட்டிங்ஸில் எந்த நேர மண்டலம் இருந்ததோ, அந்த ஊர் 2 மணி. இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் கீழே வரும் சிக்கல்களில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

நெடுவரிசையை நேரடியாகப் படிப்பது

பழைய தீம்களில் அதிகம் பார்த்த வழி இது. பதிவு ஆப்ஜெக்டிலிருந்து 'போஸ்ட் மாடிஃபைடு'-ஐ எடுத்து, பிஎச்பியின் (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழி) 'ஸ்ட்ர்டுடைம்'-இல் (strtotime, இதில் அடிக்கோடு இல்லை) கொடுத்து, வருவதை 'டேட்' ஃபங்ஷனில் போட்டு அச்சிடுவது. விநோதம் என்னவென்றால், திரையில் சரியான தேதிதான் வரும். வேர்ட்பிரஸ் தொடங்கும்போதே பிஎச்பியின் நேர மண்டலத்தை யூடிசி என்று வைத்துவிடுகிறது. உள்ளூர் நேரத்தை யூடிசி என்று தப்பாகப் படிக்கிறோம், அதே தப்போடு யூடிசியாகவே அச்சிடுகிறோம். இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன.

நடுவில் கிடைக்கும் அந்த எண்ணை வேறு எதற்காவது பயன்படுத்தும்போதுதான் மாட்டுவோம். இன்றைய நேரத்தோடு ஒப்பிட்டால் ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கும். இன்னொன்று, மாதப் பெயர் எப்போதும் ஆங்கிலத்தில்தான் வரும். தளத்தின் மொழி தமிழ் என்று வைத்திருந்தாலும் 'டேட்' ஃபங்ஷனுக்கு அது தெரியாது.

ஜிஎம்டி நெடுவரிசையை இப்படிப் படித்தால் அந்த எண் உண்மையான யூனிக்ஸ் நேரமாகவே (1970 ஜனவரி 1-லிருந்து யூடிசியில் எண்ணிய நொடிகள்) வரும், ஏனென்றால் அது யூடிசிதான், படிப்பதும் யூடிசியாகத்தான். ஆயிரக்கணக்கான வரிகளை நேரடி எஸ்க்யூஎல் எழுதி இழுக்கும் வேலையில் நான் இதைத்தான் செய்வேன். தீமுக்குள் இதற்கு அவசியம் இல்லை.

கெட் த மாடிஃபைடு டேட், கெட் த மாடிஃபைடு டைம்

தீம் எழுதுகிறவர்கள் முதலில் கைவைப்பது இந்த ஜோடியில்தான். ஃபார்மட் கொடுக்காவிட்டால் செட்டிங்ஸில் இருக்கும் தேதி அல்லது நேர வடிவத்தை எடுத்துக்கொள்ளும். மாதப் பெயரையும் கிழமையையும் தளத்தின் மொழிக்கு மாற்றித் தரும். 4.6 பதிப்பிலிருந்து எந்தப் பதிவு என்பதையும் இரண்டாவதாகக் கொடுக்கலாம், அதனால் லூப்புக்கு (பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் சுற்று) வெளியேயும் வேலை செய்யும். முன்னால் 'கெட்' இல்லாத 'த மாடிஃபைடு டேட்' நேரே அச்சிட்டுவிடும். ஒரு மாறியில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டுமானால் 'கெட்' உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதில் ஒரு தடவையாவது இடறுவார்கள்.

மனிதர்கள் படிக்கும் தேதிக்கு இதைவிட எளிய வழி இல்லை. இதன் குறை, 'யூ' என்ற எழுத்தை ஃபார்மட்டாகக் கொடுக்கும்போது தெரியும். பிஎச்பியில் 'யூ' என்றால் யூனிக்ஸ் நேரம். இந்த ஜோடி தருவதோ யூனிக்ஸ் நேரத்தோடு, தள நேரத்துக்கும் யூடிசிக்கும் உள்ள வித்தியாசத்தையும் கூட்டிய ஓர் எண். என் கடிகாரம் பின்னோக்கி ஓடியது இதனால்தான். வேர்ட்பிரஸின் சொந்தக் கோடிலேயே அந்த வரிக்கு மேல், இதைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது என்ற பொருளில் ஒரு கமென்ட் இருக்கிறது. பழைய தீம்கள் உடையக் கூடாது என்பதற்காக விட்டுவைத்திருக்கிறார்கள்.

கெட் போஸ்ட் மாடிஃபைடு டைம்

மேலே சொன்ன ஜோடி உள்ளுக்குள் கூப்பிடுவது இதைத்தான். இதில் இரண்டு சுவிட்சுகள் கூடுதலாக உண்டு: ஜிஎம்டி வேண்டுமா, மொழிபெயர்ப்பு வேண்டுமா. இரண்டும் இயல்பாக 'வேண்டாம்' என்று இருக்கும். ஜிஎம்டி சுவிட்சைப் போட்டு 'யூ' கேட்டால் சரியான யூனிக்ஸ் நேரம் வரும். என் பிழையைத் திருத்த, இந்த ஃபங்ஷனுக்கு மாறி அந்த ஒரு சுவிட்சைப் போட்டதே போதுமாக இருந்தது.

மொழிபெயர்ப்பு சுவிட்ச் சும்மா ஒரு அலங்காரம் இல்லை. பக்கத்தோடு 'லாஸ்ட் மாடிஃபைடு' என்ற எச்டிடிபி ஹெடரை அனுப்ப நினைத்தால், அதில் கிழமையும் மாதமும் ஆங்கிலச் சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும், நேரம் ஜிஎம்டியாகத்தான் இருக்க வேண்டும், விதி அப்படி. தமிழ்த் தளம் ஒன்றில் இதை 'கெட் த மாடிஃபைடு டேட்' வைத்து எழுதினால் ஹெடருக்குள் 'செவ்வாய்' என்று போய் உட்காரும். பிரவுசருக்குப் புரியாது, அது பாட்டுக்கு ஒதுக்கித் தள்ளிவிடும். பக்கம் உடையாது, எந்தப் பிழைச் செய்தியும் வராது, கேஷ் மட்டும் வேலை செய்யாது. ஆங்கிலத் தளத்தில் சோதித்து எழுதப்பட்ட கோடில் இந்தப் பிழை கண்ணிலேயே படாது. தமிழ்த் தளத்துக்கு வந்த பிறகுதான் முளைக்கும்.

அந்த ஹெடரைப் பற்றி ஒரு சொல். பதிவு திருத்திய நேரத்தை முழுப் பக்கத்தின் நேரமாகச் சொல்வது கொஞ்சம் பொய். மெனு மாறியிருக்கலாம், பக்கவாட்டுப் பட்டியல் மாறியிருக்கலாம். பதிவின் நேரம் அப்படியே இருக்கும். "மாறவில்லை" என்று சர்வர் சொன்னால் வாசகர் பழைய மெனுவையே பார்த்துக்கொண்டிருப்பார். ஃபீடுக்கு வேர்ட்பிரஸே இந்த ஹெடரை அனுப்புகிறது. சாதாரணப் பக்கத்துக்கு நான் அதைத் தொடுவதில்லை; கேஷ் பிளகின் பார்த்துக்கொள்ளட்டும்.

கெட் போஸ்ட் டேட்டைம்: 5.3-க்குப் பிறகு

2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்பில் தேதி சம்பந்தமான பகுதியைக் கணிசமாக ஒழுங்குபடுத்தினார்கள். 'டபிள்யூபி டேட்', 'டபிள்யூபி டைம்ஸோன்', 'கெட் போஸ்ட் டேட்டைம்', 'கெட் போஸ்ட் டைம்ஸ்டாம்ப்' எல்லாம் அப்போது வந்தவை. இதில் மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. எழுத்தையோ எண்ணையோ தராமல், நேர மண்டலத்தையும் கூடவே சுமந்துவரும் ஓர் ஆப்ஜெக்டைத் தருகிறது. எந்த வடிவம் வேண்டுமானாலும் அதிலிருந்து எடுக்கலாம், யூனிக்ஸ் நேரமும் எடுக்கலாம், இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். நேரம் காலியாகவோ முழுப் பூஜ்யமாகவோ இருந்தால் 'பொய்' என்று திருப்பும். அதை ஒரு 'இஃப்' போட்டுப் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கமே விழுந்துவிடும்.

இதில் மூன்றாவது இடத்தில் 'லோக்கல்' அல்லது 'ஜிஎம்டி' என்று மூலத்தைச் சொல்லலாம். சும்மா விட்டால் 'லோக்கல்'. எதைத் தந்தாலும் திரும்பி வருவது தளத்தின் நேர மண்டலத்தில்தான், அப்புறம் என்ன வித்தியாசம் என்று முதலில் நினைத்தேன். வித்தியாசம் உண்டு.

தளத்தை ஆரம்பித்தபோது நேர மண்டலம் யூடிசி என்று இருந்ததை யாரும் கவனிக்கவில்லை என்று வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருவர் பார்த்து இந்திய நேரத்துக்கு மாற்றுகிறார். மாற்றும்போது பழைய பதிவுகளின் நெடுவரிசைகளை வேர்ட்பிரஸ் தொடுவதில்லை. அந்த ஆறு மாதப் பதிவுகளில் உள்ளூர் நெடுவரிசையில் இருப்பது யூடிசி நேரம். இப்போது அது இந்திய நேரமாகப் படிக்கப்படுகிறது. ஐந்தரை மணி நேரம் பிசகு. ஜிஎம்டி நெடுவரிசை மட்டும் அன்றும் இன்றும் உண்மை. 'கெட் த மாடிஃபைடு டேட்' படிப்பது உள்ளூர் நெடுவரிசையை. 'கெட் போஸ்ட் டைம்ஸ்டாம்ப்'பும் உள்ளூர் வழியாகத்தான் போகிறது. ஆகவே 'கெட் போஸ்ட் டேட்டைம்', திருத்திய நேரம், மூலம் ஜிஎம்டி என்று மூன்றையும் கொடுத்து எழுதுவதுதான் எந்தச் சூழ்நிலையிலும் நிற்கிறது.

செட்டிங்ஸில் நேர மண்டலத்தை 'யூடிசி +5:30' என்று வைக்கலாம், ஊர்ப் பெயரிட்டும் வைக்கலாம். சென்னையில் இருக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். டொரன்டோவிலோ லண்டனிலோ தமிழ்த் தளம் நடத்துகிறவருக்கு அப்படி இல்லை. அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்துகிறார்கள், எண்ணாக வைத்த மண்டலத்துக்கு அது தெரியாது. கொழும்புக்கும் ஒரு கதை உண்டு. இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி +6:30 ஆக்கியது, அதே ஆண்டு அக்டோபரில் +6:00 ஆக்கியது, 2006 ஏப்ரலில்தான் +5:30-க்குத் திரும்பியது. 2004-இல் எழுதிய கட்டுரைகளை இப்போது வேர்ட்பிரஸுக்குக் கொண்டுவருகிறவர் '+5:30' என்று எண்ணாக வைத்தால் அந்தக் காலத்துப் பதிவுகள் அரை மணி நேரம் தள்ளிப்போகும். 'கொழும்பு' என்று வைத்தால் இந்த வரலாறெல்லாம் நேர மண்டலத் தரவிலேயே இருக்கிறது. ஊர்ப் பெயரே வையுங்கள்.

எடுத்த நேரத்தைத் தமிழில் எழுதுவது

நேரத்தை எடுப்பதுவரை எல்லா மொழிக்கும் ஒரே கதைதான். எழுதும்போதுதான் தமிழின் பிடிவாதம் தெரிய ஆரம்பிக்கும்.

முதலில் ஒரு நல்ல செய்தி. பிஎச்பி ஃபார்மட்டில் ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும்தான் தனிப் பொருள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் நடுவில் ஒரு சொல்லைச் செருக வேண்டுமானால் எழுத்துக்கு எழுத்து பின்சாய்கோடு போட வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 'ஒய் எஃப் ஜே' என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பக்கத்திலேயே 'அன்று' என்று தமிழில் எழுதினால் "2024 மார்ச் 5 அன்று" என்று அப்படியே வரும். 'அன்று' என்ற சொல்லைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. "2024-ல்", "5-ம் தேதியில்" என்று வேற்றுமை உருபை எண்ணோடு ஒட்டினால் இடைக்கோடு போட்டு ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது. 'அன்று' எந்தத் தேதிக்குப் பின்னாலும் சத்தமில்லாமல் நிற்கும்.

நேரத்தையும் காட்டுவதானால் 'காலை 10:15', 'இரவு 8:40' என்று பொழுதை முன்னால் சொல்வதுதான் நம் வழக்கம். ஃபார்மட்டில் 'ஏ' எழுத்தை மணிக்கு முன்னால் வைத்தால் வரிசை சரியாகிவிடும். ஆனால் பிஎச்பிக்குத் தெரிந்தது நாளின் இரண்டு பாதி மட்டும்தான். காலை, மதியம், மாலை, இரவு என்று பிரிக்க நாமே நாலு வரி எழுத வேண்டும். ஒரு சமையல் குறிப்புக்கு அது தேவையா என்று கேட்டால், தேவையில்லை. நேரத்தையே எடுத்துவிட்டேன். தேதி போதும்.

இனி "முன்பு" விஷயம். 'ஹியூமன் டைம் டிஃப்' தருவது "3 நாட்கள்" என்ற வெறும் பெயர்ச்சொல். அதன் பின்னால் "முன்பு" என்று ஒட்டினால் "3 நாட்கள் முன்பு". தமிழில் அது "3 நாட்களுக்கு முன்பு" என்றல்லவா இருக்க வேண்டும்? ஃபங்ஷனுக்கு அந்த 'உக்கு' தெரியாது. ஆங்கிலத்தில் அந்தப் பெயர்ச்சொல் மாறாமலே நிற்கும் என்பதால் யாரும் அதை யோசிக்கவில்லை. இதற்கு மூன்று வழிகள் கண்டேன். வாக்கியத்தையே மாற்றி "திருத்தி 3 நாட்கள் ஆகிறது" என்று எழுதுவது ஒன்று. பெயர்ச்சொல் அப்படியே பொருந்திவிடும், செலவில்லாத வழி. நிமிடம், மணி, நாள், வாரம், மாதம், ஆண்டு என்று நாமே ஒருமை பன்மையோடு எழுதிக்கொள்வது இரண்டாவது. மூன்றாவது, பிரவுசரில் இருக்கும் 'இன்டில் ரிலேட்டிவ் டைம் ஃபார்மட்'. அதற்குத் தமிழ் தெரியும். "3 நாட்களுக்கு முன்" என்று இலக்கணத்தோடு தருகிறது. மொழித் தரவை உலகெங்கும் சேர்ந்து தொகுக்கும் யூனிகோட் திட்டத்திலிருந்து அது வருகிறது, அதனால்தான் அந்த நேர்த்தி.

மூன்றாவது வழிக்கு இன்னொரு பலம் கேஷ். பக்கம் கேஷில் உறைந்துவிட்டால், சர்வர் எழுதிய "2 நிமிடங்களுக்கு முன்" மறுநாள் காலையிலும் அதே 2 நிமிடங்களாக இருக்கும். பிரவுசரில் கணக்குப் போட்டால் திறக்கும்போதெல்லாம் புதிதாக வரும். இதற்கு எச்டிஎம்எல்லில் 'டைம்' என்ற டேகுக்குள், 'டேட்டைம்' பண்பில் இயந்திரம் படிக்கும் வடிவத்தை வைத்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக முழுத் தேதியை வைக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் தேதி இருக்கும்.

இயந்திர வடிவத்துக்கு 'சி' என்ற ஒற்றை எழுத்து போதும். "2024-03-05T02:00:00+05:30" என்று மண்டலத்தோடு தரும். 'டேட் ஐஎஸ்ஓ 8601' என்று பிஎச்பியில் ஒரு மாறிலி இருக்கிறது. பெயரைப் பார்த்து எடுத்துவிடாதீர்கள். மண்டலத்தின் நடுவே முக்காற்புள்ளி போடாமல் எழுதும் அது, பெயருக்கேற்ற தரத்துக்கே ஒத்துவராது என்று பிஎச்பி ஆவணமே சொல்கிறது. 'டேட் ஆட்டம்' சரியானது.

வேர்ட்பிரஸை வெறும் தரவுக் கிடங்காக வைத்து, முன்பக்கத்தை ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறவர்களுக்கு ஒரு பொறி. ரெஸ்ட் ஏபிஐயில் (வேறு நிரல்கள் வேர்ட்பிரஸின் தரவை வாங்கும் வாசல்) 'மாடிஃபைடு', 'மாடிஃபைடு ஜிஎம்டி' என இரண்டும் கிடைக்கும், ஆனால் இரண்டிலும் மண்டலக் குறி இருக்காது. குறி இல்லாத நேரத்தை ஜாவாஸ்கிரிப்ட் வாசகரின் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. ஆக ஜிஎம்டி என்று பெயரிட்ட மதிப்பைக் கொடுத்தாலும் அது சென்னை நேரமாகவோ சிங்கப்பூர் நேரமாகவோ ஆகிவிடும். ஜிஎம்டி மதிப்பின் கடைசியில் 'இசட்' என்ற எழுத்தை ஒட்டிக் கொடுத்தால் தீர்ந்தது.

முழுத் தேதியா, "முன்பு" வகையா என்ற கேள்விக்கு என் பதில் தளத்தைப் பொறுத்தது. வெள்ளச் செய்தி, தேர்தல் முடிவு மாதிரி நிமிடத்துக்கு நிமிடம் மாறும் பக்கத்துக்கு "முன்பு" பொருந்தும். ஒரு வருஷம் கழித்தும் படிக்கிற கட்டுரைக்கு முழுத் தேதிதான் மரியாதை. "3 ஆண்டுகளுக்கு முன்" என்பதை வைத்துக்கொண்டு வாசகர் என்ன செய்வார்? அந்தச் சட்டம் வந்ததற்கு முன்னா பின்னா என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

எந்தத் திருத்தம்?

இதுவரை சொன்ன எல்லா வழிகளும் ஒரே கேள்விக்குத்தான் பதில் தருகின்றன: அந்தப் பதிவின் வரி டேட்டாபேஸில் கடைசியாக எப்போது எழுதப்பட்டது? வாசகர் கேட்பது வேறு: எழுதியிருக்கும் விஷயம் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது?

ஒருமுறை அதே சமையல் தளத்தில் 'சிற்றுண்டி' என்ற பகுப்பை 'டிபன்' என்று ஒழுங்குபடுத்த, நூற்றுக்கணக்கான பதிவுகளைத் தேர்ந்து மொத்தத் திருத்தத்தில் மாற்றினேன். ஒரு குறிப்பிலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மறுநாள் அத்தனை குறிப்புகளும் "நேற்று திருத்தப்பட்டது" என்று நின்றன. எழுத்துப்பிழை திருத்தினாலும், பகுப்பு மாற்றினாலும், ஏதோ ஒரு பிளகின் இணைப்புகளைச் சுத்தம் செய்து பதிவைச் சேமித்தாலும் அந்த நேரம் நகரும். அதே சமயம், குறிப்பின் அளவுகளைத் தனி மெட்டா புலத்தில் (பதிவோடு ஒட்டிய கூடுதல் தகவலுக்கான இடம்) வைத்திருந்து அதை மட்டும் கோடின் வழியே மாற்றினால் நேரம் நகராது! விஷயம் மாறியபோது சும்மா இருக்கிறது, மாறாதபோது குதிக்கிறது.

நேரம் குறித்து வெளியிடும் பதிவுகளில் இன்னொரு வேடிக்கை. திங்கள் இரவு எழுதி, புதன் காலைக்குக் குறித்து வைத்தால், புதன் காலை வேர்ட்பிரஸ் நிலையை மட்டும் மாற்றுகிறது. திருத்திய நேரம் திங்களிலேயே நிற்கும். "வெளியிட்டதும் திருத்தியதும் சமமில்லை என்றால் காட்டு" என்று எழுதிய தீம்களில் இந்தப் பதிவு வெளிவரும் முன்பே திருத்தப்பட்டதாகக் காட்டும். சமமா என்று பார்க்கக் கூடாது, பெரியதா என்று பார்க்க வேண்டும். அதிலும் ஒரு நாளாவது இடைவெளி இருந்தால் மட்டும் காட்டலாம். வெளியிட்ட கையோடு எல்லோரும் இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்தத்தான் செய்கிறோம். பிளாக் தீம் வைத்திருப்பவர்களுக்குத் திருத்திய தேதியைக் காட்டும் பிளாக் தயாராகவே இருக்கிறது. வெளியிட்டதற்குப் பிந்திய நேரமாக இல்லாவிட்டால் அது தானே ஒளிந்துகொள்ளும். கோடே வேண்டாம் என்பவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சிலர் சேமிக்கும் இடத்திலேயே ஃபில்டர் (மதிப்பை நடுவில் பிடித்து மாற்றும் கோடு) போட்டு, திருத்திய நேரம் நகராமல் பிடித்துவைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தேடல் அட்டவணை, ஃபீடு, வேறு தளத்தோடு ஒத்திசைப்பது எல்லாம் "இந்த வரி மாறியது" என்ற உண்மையை நம்பி நடக்கின்றன. வாசகருக்காக அவற்றிடம் பொய் சொன்னால் வேறெங்கோ வெடிக்கும்.

நான் போனது தனிப் புலத்தின் வழி. எடிட்டரில் "உள்ளடக்கம் மாறியது" என்று ஒரு டிக் பெட்டி. டிக் போட்டுச் சேமித்தால் அந்த நொடியின் யூனிக்ஸ் நேரம் மெட்டாவில் பதியும். காட்டும்போது 'டபிள்யூபி டேட்' அந்த எண்ணை வாங்கி, தளத்தின் நேர மண்டலத்திலும் மொழியிலும் எழுதித் தரும். விலை இருக்கிறது: எழுதுகிறவர் டிக் போட மறப்பார். "சமீபத்தில் திருத்தியவை" என்று பட்டியல் போட, உள்ளமைந்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்துவது சுலபம். மெட்டாவை வைத்து வரிசைப்படுத்தினால் வேகம் குறையும், அந்த மெட்டா இல்லாத பழைய பதிவுகள் பட்டியலிலிருந்தே காணாமல் போகும். அதற்காக எல்லாப் பதிவுகளிலும் தொடக்கத்தில் வெளியீட்டு நேரத்தையே ஒருமுறை நிரப்பி வைத்தேன்.

தேடுபொறி விஷயத்திலும் இதே புலம்தான் உதவுகிறது. 2024-இல் வந்த 6.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸின் சொந்த சைட்மேப்பில் (தேடுபொறிக்குத் தரும் பக்கப் பட்டியல்) 'லாஸ்ட்மாட்' என்ற திருத்தத் தேதி வருகிறது, அது உள்ளமைந்த திருத்த நேரத்தைக் காட்டுகிறது. அந்தத் தேதி தொடர்ந்து உண்மையாக இருக்கும் தளங்களில்தான் தாங்கள் அதைப் பொருட்படுத்துவதாகக் கூகுள் சொல்கிறது. பக்கத்தின் அடியில் காப்புரிமை ஆண்டை மாற்றுவதெல்லாம் திருத்தக் கணக்கில் வராது என்றும் சொல்கிறது. நூற்றுக்கணக்கான பதிவுகளை ஒரே நாளில் "புதுசு" என்று நீட்டினால் நம் பேச்சுக்கு என்ன மதிப்பு இருக்கும்? சைட்மேப்பின் ஒவ்வொரு பதிவையும் மாற்ற ஒரு ஃபில்டர் இருப்பதால், அங்கும் அமைப்புத் தரவின் (பக்கத்தைத் தேடுபொறிக்கு விளக்கும் குறிப்பு) 'டேட் மாடிஃபைடு'-இலும் என் புலத்தையே கொடுத்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியும் தேதியும் இயந்திரத்துக்குத் தரும் தேதியும் ஒன்றாகிவிட்டது.

வேர்ட்பிரஸை விட்டு, கோப்புகளாகவே தளம் கட்டுகிறவர்களுக்கும் இதே குழப்பம் வேறு உருவில் வரும். கோப்பின் திருத்த நேரத்தை நம்பினால், கிட்டிலிருந்து (கோப்பு மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் மென்பொருள்) புதிதாக இறக்கிய கணமே எல்லாக் கோப்பும் இன்றைக்குத் திருத்தியதாகிவிடும். கோப்புகளிலிருந்து தளம் கட்டும் ஹியூகோவில் கிட் வரலாற்றிலிருந்து எடுக்கச் சொல்லும் வசதி உண்டு; கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (தளத்தைத் தானாகக் கட்டித் தரும் சேவை) கட்டும்போது இயல்பாகக் கடைசி ஒரு கமிட் (பதிவுசெய்த மாற்றம்) மட்டும்தான் இறங்கும் என்பதால், முழு வரலாற்றையும் இறக்கச் சொல்லாவிட்டால் அங்கேயும் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தேதி.

எதை எடுத்தேன்

வாசகர் பார்க்கும் தேதிக்கு என் தனிப் புலமும் 'டபிள்யூபி டேட்'டும். தனிப் புலம் வைக்காத சின்னத் தளங்களில், நேர மண்டலத்தை நடுவில் மாற்றியதில்லை என்று தெரிந்தால் 'கெட் த மாடிஃபைடு டேட்' ஒன்றே போதும். அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம். ஒப்பிடவோ கழிக்கவோ இயந்திரத்துக்குத் தரவோ என்றால் 'கெட் போஸ்ட் டேட்டைம்', ஜிஎம்டி மூலத்தோடு. 'யூ' எழுத்தைத் தேடிப் பார்த்து, தீமில் இருந்த ஏழு இடங்களிலிருந்தும் எடுத்துவிட்டேன்.

மாற்றிய பிறகு பகலில் சோதித்தால் பாதிப் பிழைகள் தெரியாது. இந்திய, இலங்கைத் தளம் என்றால் நள்ளிரவிலிருந்து காலை 5:30 வரைதான் நம் தேதியும் யூடிசி தேதியும் வெவ்வேறாக இருக்கும். அதற்காகக் கண்விழிக்க வேண்டாம். சோதனைத் தளத்தில் ஒரு பதிவின் உள்ளூர் நெடுவரிசையை 5-ஆம் தேதி 02:00 என்றும், ஜிஎம்டி நெடுவரிசையை 4-ஆம் தேதி 20:30 என்றும் டேட்டாபேஸில் நேரடியாக எழுதுங்கள். உள்ளமைந்த நேரத்தைக் காட்டும் எல்லா இடத்திலும் மனிதர் படிக்கும் தேதி 5 என்று வர வேண்டும். தனிப் புலம் வைத்திருந்தால் அதே நொடியின் யூனிக்ஸ் எண்ணை அங்கேயும் எழுதிப் பாருங்கள். எங்காவது 4 தெரிந்தால், அந்த வரியைத் திறந்து எந்த நெடுவரிசையை எந்த மண்டலமாகப் படிக்கிறது என்று பாருங்கள்.